ஒரே வேலைக்கு இருவர்

பாறசாலையில் ஒரு ஆஸ்பத்திரி அலுவலகத்தில் காலியாக இருந்தது ஒரே ஓர் இடம். நேர்காணலுக்கு வந்து காத்திருந்தவர்கள் நானும் இன்னொரு பெண்ணும் மட்டும்தான். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். காட்டன் சேலை, தடித்த கண்ணாடி. மடியிலிருந்த ஃபைலைத் திறந்து சான்றிதழ்களைச் சரிபார்த்து மூடுவார். உடனே மறுபடியும் திறப்பார்.

நான் வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"என்ன மக்கா, பேடியா? எதுக்குப் பயம்?"

"ஆறு வருஷம் ஏன் வேலைக்குப் போகலன்னு கேட்டா என்ன சொல்லதுன்னு தெரியல."

"எங்கிட்ட சொல்லிப் பாரு."

படுக்கையில் கிடந்த அம்மாவைக் கவனித்துக்கொண்டிருந்ததைத் தலைகுனிந்தபடி முணுமுணுத்தேன்.

"எதுக்கு மன்னிப்பு கேக்கது போல சொல்லுதே? அம்மையப் பாத்துக்கிட்டதும் ஒரு வேலையாக்கும். நிமிந்து, கேள்வி கேக்கவங்க முகத்தப் பாத்து சொல்லு."

மூன்று முறை சொல்லவைத்தார். மூன்றாவது முறை என் குரல் பிசிறவில்லை. அப்போது அவரை உள்ளே அழைத்தார்கள். எழுந்தபோது அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. நானோ என் பதிலையே மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு என்னிடம் அதே கேள்வியைக் கேட்டார்கள். நிமிர்ந்து சொன்னேன். வேலை எனக்குக் கிடைத்தது.

அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று எந்தக் கேள்விக்கு அவர் பயந்துகொண்டிருந்தார் என்றும் கேட்கவில்லை.