ஏழாம் எண் வீராங்கனை

வானொலியில் விளையாட்டு வர்ணனை செய்பவளுக்கு ஒரே பாவம்தான் உண்டு: மௌனம். ஐந்து வினாடி பேசாமல் இருந்தால் விளக்கம் எழுதித் தரச் சொல்வார்கள். என்ன பேசினாய் என்று யாரும் கேட்டதில்லை. அப்படிப்பட்ட தொழிலில் நான் பெயர் எடுத்தவள்.

சுனாமிக்கு மறுவருடம் புதுச்சேரியில் பள்ளி மாணவியர் கபடி இறுதிப் போட்டி. ஓர் அணியில் ஏழாம் எண் சட்டை என் மகள்.

“சொந்தப் பொண்ணு ஆடுதே, உங்களால முடியுமா?” என்று நிலையத்தில் கேட்டார்கள்.

“மைக் முன்னால எனக்குப் புள்ளையே கெடையாது” என்றேன். வசனம் எனக்கே பிடித்திருந்தது.

இரண்டாம் பாதியில் அவள் எதிரணிக் களத்துக்குள் கபடி பாடிப் போனாள். மூன்று பேர் சேர்ந்து அமுக்கினார்கள். மூன்று பேரும் எழுந்தார்கள், அவள் எழவில்லை. என்னோடு வர்ணிக்க வேண்டியவர் டீ குடிக்கப் போயிருந்தார். மைக்கை விட்டு நான் எழுந்து ஓடவில்லை. வாய் மட்டும் கடமை தவறவில்லை.

“ஏழாம் எண் வீராங்கனை கீழே விழுந்திருக்கிறார். அவரிடம் அசைவில்லை, நேயர்களே. இதமான கடற்காற்று வீசிக்கொண்டிருக்கிறது.”

பெற்ற மகளுக்கு என்ன மரியாதை! அன்று ஓர் இலைகூட அசையவில்லை என்பது வேறு விஷயம். அவளைத் தூக்கி ஜீப்பில் ஏற்றியதையும் அழகாக வர்ணித்தேன். டீ குடிக்கப் போனவர் திரும்பியபின்தான் ஓடினேன். இன்றும் அந்த மைதானத்து வழியாக நான் போவதில்லை.

தவளக்குப்பத்தில் தன் சைக்கிள் கடையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த என் கணவர், எனக்கு முன்பே ஆஸ்பத்திரியில் நின்றார்.

“ஏன்டி, புள்ள பேச்சு மூச்சில்லாம கெடக்குது. நீ அங்க காத்து வாங்கிகினு இருந்தியா?”

“வாய் தானா பேசிடுச்சுங்க.”

“நல்ல வாயி!”

ஒரு மணி நேரம் கழித்து மகள் கண் விழித்தாள். டாக்டர் என்னைக் காட்டி, “இவங்க யாருன்னு தெரியுதாம்மா?” என்றார்.

அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். கண் திறக்க முடியாமல் கீழே கிடந்தபோது, களத்தை ஒட்டிய மேசையிலிருந்து என் குரல் முழுவதும் அவள் காதில் விழுந்ததாம்.

“வர்ணனையாளர் அவர்கள்” என்றாள்.

டாக்டர் முகம் மாறியது. தலையில் பலமான அடி, உடனே ஸ்கேன் என்றார்.

“எடுங்க டாக்டர். ஆனா அவ சரியாத்தான் சொல்றா” என்றார் என் கணவர்.

ஸ்கேனில் கோளாறு ஏதுமில்லை. வீட்டில் இரண்டு நாள் என்னை ‘நீங்க’ என்றே கூப்பிட்டாள். மூன்றாம் நாள்தான், “ஏம்மா, சோறு போடுவியா மாட்டியா?” என்று கத்தினாள். தட்டை எடுக்க உடனே ஓடினேன்.