சினேகாவின் காலில் விழுந்தவர்

கபடியில் பாடிப் போகிறவளாவது தனியாகப் பழகிக்கொள்ளலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டி ஓடலாம், எதிரில் ஆள் நிற்பதாக நினைத்துக் காலை நீட்டலாம், திரும்பி வரலாம். பிடிக்கிறவள் என்ன செய்வாள்? அவளுக்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும், பக்கத்தில் கை கோத்து நிற்க இன்னோர் ஆள் வேண்டும். எங்கள் காமயகவுண்டன்பட்டி சினேகா பிடிக்கிறவள். இடது மூலை அவளுடைய இடம். அவள் கடைசியாக மைதானத்தில் இறங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

வயது இருபத்திரண்டு. கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கலில் வேலை பார்க்கிறாள். அப்பா கர்ணன் கேரளாவின் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறார். அம்மா ஜோதிலட்சுமி திராட்சைத் தோட்டத்துக்குப் பழம் வெட்டப் போகிறவள். ஊரில் இப்போது சினேகாவைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். அவள் என்ன குற்றம் செய்தாள் என்று கேட்டால், ஒரு பெரிய மனிதரைத் தன் காலில் விழ வைத்தாள் என்பார்கள். அவள் யாரையும் விழச் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அங்கங்கே குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் பெண்களுக்கென்று ஒரு கபடிக் குழு இருக்கிறது. முல்லையாறு மகளிர் கபடிக் குழு என்று பேர். உரக்கடை வைத்திருக்கும் ராஜமணி அதற்குச் செயலாளர். பயிற்சி கொடுப்பவர் தங்கப்பாண்டியன். தேங்காய் வியாபாரி, ஒரு காலத்தில் நல்ல ஆட்டக்காரர், சம்பளம் வாங்காமல் பயிற்சி கொடுக்கிறவர். தன் கைக்காசில் பிள்ளைகளுக்கு முட்டையும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுப்பார். அவர் பழக்கிய பிள்ளைகளில் சிலர் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குப் போயிருக்கிறார்கள். அதனால் ஊரில் அவருக்கு இருந்த மரியாதையைச் சொல்லி மாளாது. நானும் அவர் இவர் என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன், பாருங்கள். பழக்கம் கையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

தேவதானப்பட்டியில் நடந்த ஒரு போட்டியில் சினேகாவுக்கு முழங்கால் பிசகிக்கொண்டது. மறுநாள் பயிற்சி முடிந்ததும் தங்கப்பாண்டியன் அவளை மட்டும் இருக்கச் சொன்னார். தைலம் தேய்த்துவிடுகிறேன் என்றார். சாமான் வைக்கும் அறையில் அவளை உட்கார வைத்துத் தேய்த்தார். கை முழங்காலோடு நிற்கவில்லை. அவள் தட்டிவிட்டாள். "சும்மா இரு, நரம்பு பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கையைக் கொண்டுபோனார். அவரை நெஞ்சில் ஓர் உதை உதைத்துவிட்டு நொண்டிக்கொண்டே வீட்டுக்கு ஓடினாள்.

அழுது முடித்த பிறகு அவள் செய்தது சரியான காரியம். அம்மாவிடம் சொன்னாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு ராஜமணியின் உரக்கடைக்குப் போனாள். நடந்ததைச் சொல்லிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவரு இனிமே பொம்பளப் புள்ளைகளுக்கு கோச்சிங் குடுக்கக் கூடாதுண்ணே. வேற ஆளு போடுங்க. எனக்கு வெளையாடணும்."

அவ்வளவுதான். தண்டனை கேட்கவில்லை, போலீசுக்குப் போகிறேன் என்று மிரட்டவில்லை. "நீ போத்தா, நாங்க பாத்துக்கிறோம். ஞாயித்துக்கெழம கமிட்டிய வச்சுப் பேசி முடிச்சிருவோம்" என்றார் ராஜமணி. அந்த வார்த்தையை நம்பி அவளும் வீட்டுக்கு வந்தாள்.

கமிட்டியில் பெண்கள் யாரும் கிடையாது. பெண்கள் கபடிக்குழுவின் கமிட்டியில் பெண்களுக்கு என்ன வேலை என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. ஊரில் வரப்புத் தகராறு, வாய்த்தகராறு எல்லாவற்றையும் பேசி முடிக்கிற ஆட்கள்தான் இங்கேயும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தப்புச் செய்தவன் சபையில் விழுந்து கும்பிட்டுவிட்டால் அந்த வழக்கு அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கிறவன்தான் குற்றவாளி. தண்ணீர் பாய்ச்சும் முறை யாருக்கு என்று வாயை விட்டு அடித்துக்கொண்டவர்களுக்கு அந்த வழக்கம் உதவியிருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அதே மருந்தை இதற்கும் கொடுத்தார்கள்.

நடந்ததைச் சொல்லச் சொல்வார்கள் என்று சினேகா நினைத்திருந்தாள். எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையைப் போடுவது என்று வாரம் முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஊரும் குழுவின் பிள்ளைகளும் கூடிய சபையில் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பொம்பளப் புள்ள விசயம். வெலாவாரியாப் பேச வேணாம். தங்கப்பாண்டி, சபையில விழுந்துருய்யா. முடிச்சுக்கிருவோம்" என்றார் ராஜமணி.

தங்கப்பாண்டியன் தன் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சபையைப் பார்த்து விழ வேண்டியவர், கைகூப்பிக்கொண்டே திரும்பி சினேகாவிடம் வந்தார். "எம்மக மாதிரித்தான் நெனச்சேன் ஆத்தா. நீ தப்பா எடுத்துக்கிட்டா மன்னிச்சிரு" என்று சொல்லிவிட்டு அவள் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அவர் நெற்றி அவளுடைய ஷூவில் இடித்தது. அவர் மகள் வீறிட்டு அழுதாள். குழுவின் பிள்ளைகள் எல்லோருக்கும் கண்ணீர் வந்துவிட்டது.

வயதில் மூத்தவர் விழுந்தால் சின்னவர் பதறிப் போய்க் குனிந்து தோளைத் தொட்டுத் தூக்கிவிட வேண்டும். அதுதான் முறை. சினேகாவால் அவரைத் தொட முடியவில்லை. எந்த ஆள் தன்னைத் தொட்டதால் இங்கே வந்து நிற்கிறாளோ அந்த ஆளை அவள் எப்படித் தொடுவாள்? இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்துவிட்டாள். கடைசியில் அவர் மனைவிதான் வந்து தூக்கிவிட்டாள். அந்த ஒரு கணத்தில் ஊர் பக்கம் மாறிப் போயிற்று. விழுந்தவர் பாவப்பட்டவர் ஆனார், நின்றவள் நெஞ்சழுத்தக்காரி ஆனாள்.

மறுநாள் சாயங்காலம் மைதானத்துக்குப் போனால், தங்கப்பாண்டியன் வழக்கம்போல விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். சினேகா அப்படியே திரும்பி உரக்கடைக்குப் போனாள்.

"என்னண்ணே, அவரு மறுபடியும் வந்திருக்காரு?"

"ஏந்தா, ஒங்கால்ல விழுந்தாகள்ல? இன்னும் என்ன வேணுங்கிற? கமிட்டி பேசி முடிச்சிருச்சு."

"நான் கால்ல விழச் சொன்னனா? வரக் கூடாதுன்னுதான சொன்னேன்?"

ராஜமணி திரும்பி யாருக்கோ யூரியா எடுத்துப் போடச் சொன்னார். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த பெரிய தண்டனையைக் கொடுத்துவிட்டார்கள். அவள் கேட்ட சின்னக் காரியத்தைத்தான் செய்யவில்லை.

வீட்டில் வேறொரு கூத்து. பெரியவர் விழுந்த கால் விளங்காது, ஆயுசு குறையும் என்று தோட்டத்தில் யாரோ ஜோதிலட்சுமியிடம் சொல்லிவிட்டார்கள். கூடப் பழம் வெட்டுகிறவர்கள் தள்ளி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். பெற்றவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "கோயிலுக்கு வந்து ஒரு வெளக்குப் போட்ரு ஆத்தா, தோசம் கழியட்டும்" என்று கெஞ்சினாள்.

"அவரு பண்ணுனதுக்கு நான் எதுக்கும்மா வெளக்குப் போடணும்?"

"ஒனக்குப் பொறவு எனக்கு யாரு இருக்கா? எனக்காகப் போடு."

சினேகா போட்டாள். அம்மா கும்பிட்டபோது அவள் கண்ணை மூடவில்லை. உலகத்தில் தனக்கென்று இருந்த ஒருத்தியும் தன்னைத்தான் மன்னிக்கச் சொல்லிச் சாமியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. அப்பா கர்ணன் இன்று வரை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜீப்பில் ஏறுகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு வண்டியை ஓட்டுகிறார், வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துக்கொள்கிறார்.

மகாலட்சுமி குழுவின் கேப்டன். இடது மூலையில் சினேகாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் அவள்தான். பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதம். சபைக்குப் பிறகு அவளும் பேசுவதை விட்டுவிட்டாள். குழுவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. அதிலிருந்து சினேகாவை யாரும் நீக்கவில்லை. நீக்கினால் பழி வரும் அல்லவா? அவளை விட்டுவிட்டு மற்றவர்கள் புதிதாக ஒன்று ஆரம்பித்துக்கொண்டார்கள். பழையதில், சபை நடந்த அன்று ராத்திரி "நாளைக்கு பிராக்டிஸ் உண்டா?" என்று அவள் கேட்டதுதான் கடைசியாக நிற்கிறது. எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று நீல நிறத்தில் குறி மட்டும் விழுந்திருந்தது.

அவள் விட்டுவிடவில்லை. ஒரு லீவு நாளில் கூடலூருக்குப் பஸ் ஏறினாள். அங்கே இருக்கும் குழுவில் மூலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். அந்தப் பயிற்சியாளர் முத்துக்குமரன் மரியாதைப்பட்டவர்; டீ வாங்கிக் கொடுத்தார். அவள் பிடிப்பதை ஏற்கெனவே பார்த்திருக்கிறார். பேரைக் கேட்டதும் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒனக்கு முன்னாடியே ஒன் கத இங்க வந்துருச்சேம்மா. நாளைக்கு நான் ஒரு புள்ளய அதட்டுனா, என்னையும் கால்ல விழச் சொல்வாகளோன்னு எங்க ஆளுக பயப்படுறாக. நான் ஒன்னயச் சந்தேகப்படல. ஆனா சேத்துக்கிற முடியாது."

தேனிக்கும் போனாள், விளையாட்டுச் சங்கத்தில் புகார் கொடுக்க. அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கிளப் லெவல்ல பேசி முடிச்சுட்டாங்களா?" என்றார். முடித்துவிட்டார்கள் என்றாள். "அவரு மன்னிப்புக் கேட்டாரா?" கேட்டார் என்றாள். "அப்புறம் என்னம்மா? குளோஸ் ஆன மேட்டரு" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார். அந்த ஒரு விழுதல் அவளுக்கு முன்னால் எல்லா வாசலுக்கும் போய்க் கதவைச் சாத்தி வைத்திருந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில், கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுததாக என்னிடம் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் தலைவலி என்று பொய் சொன்னாளாம்.

அதற்குப் பிறகு மெடிக்கல் உண்டு, வீடு உண்டு என்று ஆகிவிட்டது. சாயங்காலம் டவுன் பஸ் மைதானத்தைத் தாண்டித்தான் ஊருக்குள் வரும். பிள்ளைகள் பாடுகிற சத்தம் கேட்கும். யாருடைய மூச்சு இது, யார் இப்போது கோட்டைத் தொடப் போகிறாள் என்று சத்தத்தை வைத்தே அவளுக்குத் தெரிந்துவிடும். பஸ்ஸின் நடுப்பகுதியில் நின்று வருவாள். ஜன்னல் பக்கம் இடம் இருந்தாலும் உட்கார மாட்டாள்.

போன மாதம் ஒரு மத்தியான நேரம். கடையில் கூட்டம் இல்லை, முதலாளி சாப்பிடப் போயிருந்தார். மகாலட்சுமி வந்து நின்றாள். கட்டுப்போடுகிற துணி வேண்டும் என்றாள். சினேகா எடுத்து வைத்தாள். காசைக் கொடுத்த பிறகும் மகாலட்சுமி போகாமல் நின்றாள்.

"எனக்கும் நடந்துச்சுடி" என்றாள்.

"எப்ப?"

"பொங்கலுக்கு முன்னாடி ஒருக்க. போன வாரம் மறுபடியும்."

"ஏன்டி யார்ட்டயும் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? சொன்னா எங்கால்லயும் வந்து விழுந்துருவாரு. ஒன்னய எப்படி ஆக்கிட்டாகன்னு பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். எனக்கு வேற கல்யாணத்துக்குப் பாத்துக்கிட்டு இருக்காக." மகாலட்சுமி வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "நீ பொய் சொல்லலன்னு எனக்கு அப்பவே தெரியும்டி. ஆனாலும் அன்னைக்கு அழுதேன், அவருக்காக."

சினேகா கல்லாவுக்குப் பக்கத்திலிருந்து வெளியே வந்தாள். இத்தனை நாளும் யாராவது வந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தவள் அவள். தான் ஒருத்தி மட்டும் இல்லை, இப்போது இரண்டு பேர் இருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. வெட்கமாகக்கூட இருந்ததாம், ஒரு நொடி சந்தோஷப்பட்டுவிட்டோமே என்று. மகாலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாம மறுபடியும் தேனிக்குப் போவோம். இல்ல போலீசுக்குப் போவோம். நீ சொல்லு, நான் பக்கத்துல நிக்கிறேன்."

மகாலட்சுமி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். கோபமாக இல்லை, அழுதுகொண்டேதான் சொன்னாள்.

"நீ பக்கத்துல நின்னா என்னைய யாரும் நம்ப மாட்டாகடி."

சொல்லிவிட்டுப் பொட்டலத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் பயிற்சி இருக்கிறது, நேரமாகிறது என்றாள்.