நீந்தத் தெரிந்த பெண்ணின் குற்றம்

போன மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். மூதூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு லோஞ்சில் கடலைக் கடந்து திருகோணமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன்.

லோஞ்ச் நிறைய ஆட்கள். வீட்டுக்குப் போகிற உத்தியோகத்தர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கோழிக் கூடையோடு இரண்டு பேர். எனக்குப் பக்கத்தில் சரோஜினி. மூதூரில் படிப்பிக்கிறாள், சொந்த ஊர் சல்லி. இருபத்தாறு வயது. வைகாசியில் கலியாணம். கூறைச் சீலையை என்ன கலரில் எடுக்கலாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

எங்கள் கந்தோரில் வேறு பகுதியில் வேலை செய்யும் தவராசா, லோஞ்சின் ஓரத்தில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். காற்று பேப்பரை இழுத்தது. எட்டிப் பிடிக்கப் போனார்... அவ்வளவுதான். ஆள் கடலுக்குள்!

லோஞ்சை நிற்பாட்டினார்கள். கயிறு எறிந்தார்கள். அது அவருக்கு எட்டாமல் இப்பால் விழுந்தது.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சிரித்தோம். ஓம், நானும்தான்!

"ஆம்பிளைதானே, நீந்தி வருவார்" என்றார் ஒருவர்.

"தவராசா, அப்பிடியே கொட்டியாரக் குடாவை ஒருக்காச் சுத்திப் பாத்திட்டு வாரும்!" என்றார் இன்னொருவர்.

தவராசா சத்தம் போடவில்லை. அதுதான் எங்களை ஏமாற்றியது. 'காப்பாத்துங்கோ' என்று ஒரு சொல் அந்த வாயிலிருந்து வரவில்லை.

சரோஜினி மட்டும் எழும்பி நின்றாள். "அக்கா, அவர் நீந்தேல்லை. தாழுறார்."

சொன்னவள் ஊசிகளைப் பிடுங்கி, சீலையை அவிழ்த்து என் மடியில் எறிந்தாள். சீலையோடு குதித்தால் அது காலைச் சுற்றி அவளையும் கீழே கொண்டுபோகும் என்பது கடற்கரைப் பிள்ளைக்குத் தெரியாதா? சட்டையும் உள்பாவாடையுமாகக் குதித்தாள்.

பின்பக்கமாகப் போய் அவருடைய சேட் கொலரைப் பிடித்தாள். அவர் பயத்தில் அவளையும் சேர்த்து அமுக்கப் பார்த்தார். உதறினாள். திரும்பவும் பிடித்தாள். ஒருமாதிரி கயிறு கைக்கு வந்தது. இரண்டு பேரையும் தூக்கி எடுத்தோம். தவராசா குடித்த தண்ணீரை எல்லாம் கக்கினார்.

"இந்தா மகள், முதல்ல இதப் போத்துங்க" என்று மூதூர் முஸ்லிம் பெண் ஒருவர், ஆஸ்பத்திரியில் கிடக்கும் தன் புருஷனுக்குக் கொண்டுபோன சாரத்தை விரித்து, நடுங்கிக்கொண்டிருந்த அவளைப் போர்த்தினார். சரோஜினியைத் தவிர, அந்த லோஞ்சிலேயே அந்த நேரத்தில் செய்ய வேண்டியதைச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

மற்றவர்கள்? கரையில் இறங்க முன்னமே தொடங்கிவிட்டார்கள். "எண்டாலும்... இத்தினை ஆம்பிளையளுக்கு முன்னால சீலையை அவிழ்த்து..."

அந்த 'எண்டாலும்' இருக்கிறதே! அதைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

இத்தனை ஆம்பிளைகள் இருந்தீர்களே, நீங்கள் ஏன் குதிக்கவில்லை? இறங்கும்போது ஒருவரிடம் கேட்டே விட்டேன். அவர் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு என் காதுக்குள் சொன்னார்: "எனக்கு நீந்தத் தெரியாது அக்கா." ஏதோ சொல்லக் கூடாத நோயைச் சொல்கிற மாதிரி!

திங்கட்கிழமை பாண் கடைக் கியூவில் எனக்கு முன்னமே கதை வந்து நின்றது. மனிதர் பிழைத்த கதை அல்ல, சீலை அவிழ்ந்த கதை. செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளையின் தமக்கை சல்லிக்குப் போய்ச் சரோஜினியின் தாயிடம் சொன்னா: "ஊரே பார்த்த பிள்ளையை எங்கட தம்பிக்கு எப்பிடிக் கட்டிவைக்கிறது? தம்பிக்கும் விருப்பமில்லை." தம்பியார் வரவில்லை. தமக்கையின் வாயால்தான் அவருடைய விருப்பம் வந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. அன்று பின்னேரமே தவராசா வீட்டுக்குப் போனேன்.

"நீங்கள் அந்த வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கோ. இந்தப் பிள்ளையாலதான் நான் உயிரோட இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

அவர் வெளிறிப்போனார். "மெல்லக் கதையுங்கோ அக்கா. வீட்டில நான் நீந்தி வந்தனான் எண்டுதான் சொல்லியிருக்கிறன்."

"அப்ப சரோஜினி?"

"அவ... பயத்தில விழுந்திட்டா, நான்தான் பிடிச்சனான் எண்டு..."

அவர் அதோடு விடவில்லை. "பேப்பருக்கு எழுதுற ஆள் நீங்கள், இதை எழுதினாலும் என்ர பேரைப் போட்டிடாதேங்கோ. ஒரு பொம்பிளை கொலரில பிடிச்சு இழுத்தவ எண்டு தெரிஞ்சா, கந்தோரில நான் எந்த முகத்தோட இருக்கிறது?"

கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று இருந்தது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். சின்ன வயதில் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டு வந்த காலத்திலேயே 'ஆம்பிளைப் பிள்ளை அழுறதோ?' என்று அவருடைய வாயை மூடிவிட்டோம். மூடிய வாய் மூடியபடியே, தண்ணீர் மூக்கில் ஏறும்போதும் திறக்கவில்லை. சிரித்துக்கொண்டு நின்ற நாங்கள் அவரைச் சாகவிட்டிருப்போம்!

சரோஜினி பதின்மூன்று வயதுவரை அண்ணன்மாரோடு கடலிலேயே கிடந்தவள். பெரியபிள்ளையானாள் – அன்றோடு கடல் முடிந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் தெரிகிற ஊரில், பெண்பிள்ளை கால் நனைக்கக் கூடாதாம். நீந்தத் தெரியாது என்று ஆண் சொல்லக் கூடாது. நீந்தத் தெரியும் என்று பெண் காட்டக் கூடாது. இந்தச் சட்டத்தை எந்தப் பார்லிமென்ட்டில் போட்டார்கள்?

நான் கோபத்தோடு எழும்பியபோது குசினிக் கதவடியில் தவராசாவின் மனைவி நின்றார். கையில் தேத்தண்ணி. எவ்வளவு நேரமாக நின்றாரோ! கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் ஒன்றுதான் கேட்டார்:

"அந்தப் பிள்ளையின்ர வீடு சல்லியில எந்தப் பக்கம் அக்கா?"

அடுத்த நாள் இரண்டு மகள்மாரையும் கூட்டிக்கொண்டு போய், சரோஜினியைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார். அங்கிருந்து நேரே மாப்பிள்ளை வீடு. "உங்கட தம்பி தாழேக்கையும் எல்லாரும் சீலையைச் சரிசெய்துகொண்டு நிக்கவேணுமோ?" என்று கேட்டாராம். அவர்கள் இருக்கக் கதிரைகூடக் கொடுக்கவில்லை. மனம் மாறவும் இல்லை. கலியாணம் நின்றது நின்றதுதான்.

அதற்குப் பிறகு ஒருநாள் நான் சல்லிக்குப் போனேன். சரோஜினியின் கண் வீங்கியிருந்தது. "அம்மா என்னோட கதைக்கிறா இல்லை அக்கா" என்றாள். பிறகு, "ஒண்டு சொல்லட்டோ? குதிச்ச உடன, அந்தப் பயத்துக்குள்ளயும்... கடல் நல்லா இருந்தது. பதின்மூண்டு வருஷத்துக்குப் பிறகு" என்றாள். சொல்லும்போது முகத்தை என்னிடமிருந்து திருப்பிக்கொண்டாள். சந்தோஷத்துக்கும் வெட்கப்படப் பழக்கியிருக்கிறோமே!

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தவராசாவின் மகள்மார் சல்லிக் கடலில் பழைய சட்டைகளோடு நீந்தப் பழகுகிறார்கள். தாய்தான் கூட்டிக்கொண்டு வருகிறார். சரோஜினி இடுப்பளவு தண்ணீரில் நின்று பழக்குகிறாள். போன கிழமை அவளுடைய அம்மாவும் ஒரு துவாயோடு கரையில் வந்து நின்றா. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டுதான்.

தவராசா என்பது நான் வைத்த பெயர். சரோஜினியிடமும், "உன்ர பேரையும் மாத்தி எழுதட்டோ?" என்று கேட்டேன்.

"என்னத்துக்கு அக்கா? என்ர பேரையே போடுங்கோ. நான் ஒண்டும் களவெடுக்கேல்லையே!"