மடித்துத் தைத்த சீருடை

"தேயிலைச் செடிக்கு மேல தலை தெரியாத புள்ள, காலேஜுக்குப் போயி என்னா செய்யப் போகுது?"

எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பக்கத்து வீட்டுப் பெரியம்மா இப்படிக் கேட்டபோது நான் பத்தாம் வகுப்பில் இருந்தேன். கிண்டலாகத்தான் கேட்டார். அம்மாவும் சிரித்தார். ஆனால் அன்று மாலை என் சீருடையைத் துவைத்தவர், அதன் விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எட்டாம் வகுப்பில் தைத்த சுடிதார் அது. வளர்கிற பிள்ளைக்கு என்று நான்கு விரல் அகலம் உள்ளே மடித்துத் தைக்கச் சொல்லியிருந்தார். அந்த மடிப்பைப் பிரிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

பந்தலூர் மழையில் எல்லோருக்கும் குளிரும். எனக்குக் கூடுதலாகக் குளிர்ந்ததை யாரும் நோயாக எடுத்துக்கொள்ளவில்லை. தோல் வறண்டது, பனி என்றோம். வகுப்பில் தூக்கம் வந்தது. விடியலில் எழுந்து படிப்பதால் என்றோம். தோழிகள் ஒவ்வொருவராக வயதுக்கு வந்தார்கள். அம்மா தட்டெடுத்துக்கொண்டு அந்தச் சடங்குகளுக்குப் போய் வந்தார். அங்கே என்னைப் பற்றிக் கேட்டதை வீட்டில் சொல்லமாட்டார்.

மடிப்பைத் திருப்பிப் பார்த்த மறுவாரம் அம்மா லீவு போட்டு என்னைக் கூடலூருக்கு அழைத்துப் போனார். மருத்துவர் கோயம்புத்தூர்க்காரர். ரத்தம் எடுத்தார்கள். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள். ஹைப்போதைராய்டிசம் என்றார் (கழுத்தின் முன்புறம் உள்ள தைராய்டு சுரப்பி போதுமான அளவு சுரக்காத நிலை, வளரும் வயதில் உடல் வளர்ச்சியே மந்தமாகிவிடும்). எனக்கு வயது பதினைந்து, என் எலும்பு வயது (எலும்புகளின் முதிர்ச்சியை வைத்துக் கணிப்பது) பதினொன்று.

"ஒரு வகையில அது நல்லதுங்கம்மா. எலும்போட முனை இன்னும் மூடலை, மூடிட்டா அப்புறம் உயரம் ஏறாதுங்க. மூடறதுக்குள்ள மருந்து வேலை செய்யோணும்."

தினமும் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில். அம்மா ஒரு நாளும் தவறவிடவில்லை. சில மாதங்கள் கழித்துப் பார்த்த ரத்தப் பரிசோதனையில் பெரிய மாற்றம் இல்லை. உயரம் அப்படியே இருந்தது. மூடிக்கொண்டிருக்கும் கதவு ஒன்று என் மணிக்கட்டுக்குள் இருப்பதாக எனக்குத் தோன்றத் தொடங்கியது.

மாத்திரையின் அளவைக் கூட்டப் பேனாவை எடுத்த மருத்துவர், அப்படியே நிறுத்தினார்.

"ஏனுங்கம்மா, மாத்திரையை எப்படிக் குடுக்கறீங்க?"

"வெறும் வயித்துலதாங்க டாக்டரம்மா. விடிஞ்சதும் தேத்தண்ணியில முழுங்க வச்சிருவேன்."

"தேத்தண்ணி குடிச்சா அப்புறம் எப்படிங்க வெறும் வயிறு?"

அம்மா உண்மையாகவே குழம்பிப்போனார். "தேத்தண்ணி சாப்பாடாங்க?"

எங்கள் லயத்தில் அது சாப்பாடு இல்லை. வெள்ளிக்கிழமை விரதக்காரர்களும் தேத்தண்ணி குடிப்பார்கள். காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) முன்னால் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, "இன்னும் ஒண்ணும் வயித்துல படலை" என்பார்கள். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த வழக்கம். இந்த மாத்திரை உடம்பில் சேராமல் தேநீரும் பாலும் தடுக்கும் என்பது யாருக்கும் தெரியாது.

"அப்ப நான் பறிச்ச எலைதான் எம்புள்ளைய மறிச்சுச்சா?"

"தேயிலை மேல கோவிச்சுக்காதீங்க. மாத்திரைக்கு வெறும் தண்ணி. ஒரு மணி நேரம் கழிச்சுத் தேத்தண்ணி. அவ்வளவுதானுங்க."

மறுநாளிலிருந்து அம்மா ஒரு மணி நேரம் முன்னதாகவே எழுந்தார். எனக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, தானும் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். நீங்கள் குடியுங்கள் என்றேன். "நீ பாத்துக்கிட்டு இருக்கையில எனக்கு எப்புடி எறங்கும்?" என்றார். லயத்துச் சுவர் மெல்லியது. எங்கள் அடுப்புச் சத்தம் கேட்டால் போதும், பெரியம்மா அந்தப் பக்கமிருந்து கேட்பார்: "ஏய் குட்டச்சி, மாத்திர போட்டியா? நேரமாகல, வாய வைக்காத." அந்த ஒரு மணி நேரத்தில் நான் உயிரியல் படித்தேன்.

முதலில் குளிர் விலகியது. கம்பளியை நானே உதைத்துத் தள்ளினேன். பிறகு நகங்கள் வேகமாக வளர்ந்தன. அடுத்து வந்த பரிசோதனையில் ரத்தம் சரியாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வாசலில் உட்கார்ந்து சுடிதாரின் மடிப்பைப் பிரித்தார். பிரித்த இடம் மட்டும் வெளுக்காமல், கருநீலப் பட்டையாகத் தெரிந்தது. வேறு யாராவது என்றால் கூசியிருப்பார்கள். நான் அந்தப் பட்டை தெரிய நிமிர்ந்து நடந்தேன்.

பிளஸ் ஒன்னில் வயதுக்கு வந்தேன். மைக் செட் வைக்க வேண்டும் என்று பெரியம்மா ஒற்றைக் காலில் நின்றார். நான் வேண்டாம் என்றேன். அம்மா லயம் முழுவதற்கும் தேத்தண்ணி கொடுத்தார்.

உங்கள் வீட்டிலும் வளராமல் நிற்கும் பிள்ளை இருந்தால், நம் வம்சமே குட்டை என்று விட்டுவிடாதீர்கள். ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். என்ன சாப்பிடுகிறாள் என்பதோடு, என்ன குடிக்கிறாள் என்பதையும் சொல்லுங்கள்.

கடைசி எக்ஸ்ரேயில் எலும்பு முனைகள் மூடியிருந்தன. நான் உயரம் இல்லை. அம்மாவின் காது வரை வந்திருக்கிறேன். மாத்திரை ஆயுள் முழுவதும் தொடரும். எனக்கு இப்போது நாள் விடிவது சூரியனோடு அல்ல, அந்தக் காத்திருப்பு முடிவதோடு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கோயம்புத்தூரில் செவிலியர் படிப்பில் சேர்ந்துவிட்டேன். சீருடைக்கு அளவெடுத்த டெய்லர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க பாப்பா, கீழ கொஞ்சம் மடிச்சுத் தெச்சுரட்டுங்களா?"

"வேண்டாங்கண்ணா. அளவாத் தைங்க. நான் வளந்து முடிச்சுட்டேன்."

அந்தச் சீருடையில்தான் நேற்று முதன்முதலாகக் குழந்தைகள் வார்டுக்குள் நுழைந்தேன்.