பக்கீர் மச்சான் கீறிய எட்டுப் பேர்

பக்கீர் முகைதீன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து, எண்பத்தாறில் கீறிய வாட்டர் கலர் படங்களைப் பார்த்தவர்கள் எங்கள் பக்கம் இப்போதும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். வயலைக் கீறினால் பச்சையும் தண்ணீரும் வானமும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கும். வரம்பில் ஊன்றிய ஒரு மண்வெட்டியின் பிடி மட்டும் தெளிவாக நிற்கும். மற்றதெல்லாம் பார்க்கிறவன் பாடு. "மிச்சத்த எப்ப மச்சான் கீறப் போறீங்க?" என்று கேட்பேன். சிரிப்பார். அந்த மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். கேலி பண்ண அவர் இல்லாமல் நான்தான் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன்.

தொடக்கத்தில் அவர் இப்படிக் கீறியவரல்ல. என் மூத்த சகோதரி றாஹிலா ராத்தாவைக் கட்டி, அறுபத்தெட்டில் பொத்துவிலிலிருந்து எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது அவருக்குத் தொழில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது. கல்முனைக் கடைத்தெருவில் பாதிப் பலகை அவர் கைதான். எழுத்தின் ஓரம் நூல் பிடித்த மாதிரி இருக்கும். ஒரு சுழி அரை அங்குலம் கூடினாலும் துடைத்துவிட்டுத் திரும்ப எழுதுவார். கடைக்காரர் போதும் என்றாலும் விடமாட்டார்.

எழுபத்தாறில் உம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனவர், அறுகம்பைக் கரையில் ஒரு வெள்ளைக்காரி கடலைக் கீறுவதைக் கண்டிருக்கிறார். பின்னால் நின்று ஒரு மணித்தியாலம் பார்த்திருக்கிறார். இவருக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு இவர் பாஷை தெரியாது.

"தண்ணிய ஊத்திப்போட்டுச் சும்மா இரிக்கா மச்சான். கடல் தன்ட பாட்டுல வருகுது!" என்று வந்து சொன்னார். அடுத்த கிழமையே ஒரு பெட்டி வர்ணமும் தடித்த தாளும் வாங்கிவிட்டார். படிப்பிக்க ஆளும் இல்லை, பார்த்துப் பழகப் புத்தகமும் இல்லை.

கடல் தன் பாட்டில் வரவில்லை. பலகை எழுதும் எனாமலில் பிழைவிட்டால் துணியால் துடைக்கலாம், காய்ந்தபின் மேலால் பூசலாம். தண்ணீர் வர்ணத்தில் அந்தக் கதை நடக்காது. பழக்க தோஷத்தில் இவர் தென்னோலையை ஒவ்வொரு ஈர்க்காகக் கீறினார். அலைக்கும் ஓரம் வெட்டினார். "மச்சான், கடலையும் பலகை மாதிரி எழுதிட்டீங்களே" என்று நான் சொன்னால் கோபத்தில் தண்ணீரை அள்ளி ஊற்றுவார். எல்லாம் கரைந்து சேறாகிவிடும். ஒன்று கல்வெட்டு, இல்லாவிட்டால் கஞ்சி. இரண்டுக்கும் நடுவில் அவருக்கு வழி தெரியவில்லை. கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் தாளில் வைத்த தண்ணீர் கண் மூடித் திறக்குமுன் காய்ந்துவிடும். அப்போது காற்றையும் ஏசுவார்.

முகம் கீறமாட்டார். உயிருள்ளதற்குக் கண் வைப்பது கூடாது என்பார். அது மார்க்கம்தான். ஆனால் அவருக்கு முகம் கீற வராது என்பதும் உண்மை. அதையும் நான் சொல்லாமல் விட்டதில்லை.

எழுபத்தெட்டு நவம்பர் சூறாவளி எங்கள் கரையைப் புரட்டிப் போட்டது. பக்கத்து வளவு முத்தலிப், கரையில் நின்று கயிற்றால் வலை இழுக்கும் கரைவலைக்காரன். தோணியை மேட்டுக்கு இழுத்துக் கட்டப் போனவன் திரும்பவில்லை. இரண்டாம் நாள் மையித்துக் கிடைத்து அடக்கினோம். அவன் மனைவி ஸுல்பிகா நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இத்தாவில் இருந்தாள். ராத்தா மட்டும் வேலிக் கடப்பு வழியே போய்ச் சோறு கொடுத்து, கூட இருந்துவிட்டு வருவா.

ஒருநாள் ராத்தா வந்து மச்சானின் முன்னால் இருந்தா.

"ஸுல்பிகா ஒண்டு கேக்கிறா. முத்தலிபக் கீறித் தர ஏலுமா எண்டு."

"நான் முகம் கீறுறல்ல எண்டு தெரியாதா?"

"முகம் வேணாமாம். ஆள் நிண்டாப் போதுமாம். அடையாள அட்டையில இரிந்த படமும் வெள்ளத்துல ஊறிப் போயிற்று. முந்தி கண்ண மூடினா வருவாராம். இப்ப மூடினாலும் வாறாரில்லயாம். அவள் பயந்து போய் இரிக்காள்."

மச்சான் எழும்பிப் போய்த் தூரிகைகளைக் கழுவினார். பிறகு, கரைவலை இழுக்கிற எட்டுப் பேரைக் கீறி அதில் ஒருவராக முத்தலிபை வைப்பதாகச் சொன்னார்.

"ஆள் எப்பிடி நிப்பார், எப்பிடி இழுப்பார் எண்டு அவள்ட்டக் கேட்டு வரட்டா?" என்றா ராத்தா.

"பக்கத்து வளவுல பத்து வருசம் இரிந்தவன். எனக்குத் தெரியாதா?" என்றார் மச்சான். இத்தாவில் இருக்கிறவளிடம் அவர் நேரே போய்க் கேட்க முடியாது. ராத்தா போய்க் கேட்டு வந்திருக்கலாம். அவருடைய பெருமை விடவில்லை.

வாங்கி வைத்த தாளெல்லாம் சூறாவளி மழையில் நனைந்து, அலுமாரிக்குள் இருந்த ஒன்றுதான் தப்பியிருந்தது. அதைப் பலகையில் ஒட்டி, கடலையும் ஈர மணலையும் தண்ணீரில் ஓடவிட்டார். அவை காயும்வரை பொறுத்துத்தான் ஆட்களை வைக்க வேண்டும். பொறுக்கவில்லை. கயிற்றின் கடைசியில் நிற்கிறவனை வைத்துவிட்டார். மணல் இன்னும் ஈரம். நிறம் பரவித் தலையும் தோளும் ஒன்றாகி, ஆள் இடப்பக்கம் சரிந்துபோனான்.

"நாசம்!" என்று தூரிகையை எறிந்தார். இன்னொரு தாள் இருந்திருந்தால் இதைக் கிழித்திருப்பார். "கிடக்கட்டும் மச்சான், அது ஆரோ ஒருத்தன்தானே" என்றேன் நான்.

மற்றவர்களை நன்றாகக் காய்ந்தபின்தான் வைத்தார். முன்னாலிருந்து மூன்றாவது ஆள்தான் முத்தலிப். அவன் வழக்கமாக உடுத்தும் நீலக் கட்டச் சாரன், பின்னுக்குத் தள்ளிய தொப்பி, ஒல்லிக் கால் எல்லாம் வந்தன. மெல்லிய தூரிகையால் சாரனின் கட்டங்களை ஒவ்வொன்றாகக் கோடிட்டார். அதற்கே ஒரு நாள் பிடித்தது. முதுகுதான் தெரிந்தது, ஆனாலும் தெருவில் போகிற எவனைக் கேட்டாலும் முத்தலிப் என்றுதான் சொல்லியிருப்பான். எனக்கே கேலி பண்ணத் தோன்றவில்லை.

ஏப்ரலில் இத்தா முடிந்தது. ஒருநாள் மாலை அசர் தொழுகைக்குப் பிறகு மூவருமாகப் போனோம். கண்ணாடிச் சட்டம் போட்ட படத்தை நான்தான் தூக்கிப் போனேன். ஸுல்பிகா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, படத்தைக் கதவில் சாய்த்து வைத்து, அதன் முன்னால் நிலத்தில் இருந்தாள்.

விரலைக் கண்ணாடியில் தொடாமல், ஒருவர் ஒருவராகப் போனாள். மூன்றாவது ஆளிடம் விரல் நின்றது. மச்சானை அவள் அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"இது ஆரு காக்கா? சாரனப் பாத்தா அவர்ர சாரன் மாதிரி இரிக்கி. ஆனா அவரில்ல."

விரல் நகர்ந்தது. நாலு, ஐந்து, ஆறு, ஏழு. மச்சானின் முகம் செத்துப் போயிருந்தது. அந்த நிமிடம் அவருக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கயிற்றின் கடைசியில், பரவிச் சரிந்த அந்தப் புள்ளியில் விரல் நின்றது. ஸுல்பிகா அழத் தொடங்கினாள்.

"இந்தா நிக்கிறார். இவர்தான். அல்லாஹ், இவரேதான்."

ராத்தா அவளைப் பிடித்துக்கொண்டா. அழுகை அடங்கியதும் ஸுல்பிகா மச்சானை நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்பிடிக் காக்கா கவனிச்சீங்க? கலியாணத்துக்கு முன்னுக்கே அவர்ர வலத் தோள் விலகிப்போச்சு. அதால முழுப் பாரத்தையும் இடத் தோளில குடுத்து, இப்பிடிச் சாஞ்சுதான் இழுப்பார். வேலையால நிப்பாட்டிப் போடுவாங்க எண்டு ஒருத்தருக்கும் காட்டிக்கிறல்ல. இரவைக்கு எண்ணெய் பூசி விடுற எனக்கு மட்டுந்தான் தெரியும் எண்டு நினைச்சிரிந்தன்."

மச்சானின் வாய் திறந்தது. உண்மையைச் சொல்லப் போகிறார் என்று பயந்துபோனேன். மனிதர் பொய் சொல்லத் தெரியாதவர்.

"ஓம் தங்கச்சி" என்றார். அவ்வளவுதான்.

வெளியே வந்து அவர் வீட்டுக்குப் போகவில்லை. கடற்கரைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். வலை வந்துகொண்டிருந்தது, ஆட்கள் கயிற்றில் நின்றார்கள். மச்சான் மணலில் குந்தியிருந்து ஒவ்வொருவனாகப் பார்த்தார், கால் வைக்கிற விதம், இடுப்பு வளைகிற விதம், மூச்சு விடுகிற விதம் என்று. கையில் தாளும் இல்லை, பென்சிலும் இல்லை. பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை அப்படியே இருந்தார்.

எழும்பும்போதுதான் பேசினார்.

"பத்து வருசம் மச்சான். சாரன்ட கட்டம் எத்தின எண்டு எனக்குத் தெரிஞ்சிரிக்கி. அவனுக்குத் தோள் நோகுது எண்டு தெரியல்ல. உனக்குத் தெரியுமா?"

முத்தலிபும் நானும் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். சூறாவளிக்கு முந்திய நாள்கூட ஒரே கடையில் தேநீர் குடித்தோம்.

"தெரியா மச்சான்" என்றேன்.