ஆறப்போட்ட கர்ட்டன்

கருங்கானம் எஸ்டேட்டில் ஆளை வேலையைவிட்டு நிறுத்தும் அதிகாரம் மேனேஜர் துரைக்கு இருந்தது. ஆள் செத்துப்போனான் என்று சொல்லும் அதிகாரம் டாக்டருக்கு இருந்தது. பங்களாவின் படுக்கை விரிப்போ மேஜை விரிப்போ செத்துப்போனது என்று சொல்ல மட்டும் பட்லர் சுவக்கீன் வர வேண்டும்.

அவர் அதைச் சொல்லும் விதமே தனி. துணியை இரண்டு கையாலும் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். நூல் மெலிந்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். ஒரு பெருமூச்சு விடுவார். பிறகு, சாவுச் செய்தி சொல்ல வந்த கோயில்பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு ஒரே வார்த்தை சொல்வார்: "கண்டம்."

பீர்மேட்டு மலைரோட்டில் ஏறி இறங்கி இற்றுப்போன பஸ்ஸுக்கும் தேய்ந்த ஜீப் டயருக்கும் சொல்கிற அதே இங்கிலீஷ் வார்த்தைதான். கண்டம் என்று சொல்லிவிட்டால் அந்தத் துணிக்கும் கம்பெனிக்கும் உறவு முடிந்தது. அதன்பிறகு அது துடைக்கிற துணி.

கண்டமான துணியை அங்கேயே கிழித்துக் கரித்துணியாக்கிவிட்டால் என்ன என்று வெள்ளைக்காரத் துரையின் மனைவி ஒருமுறை கேட்டாள். சுவக்கீன் பதறிப்போனார்.

"கூடாதும்மா! இப்பக் கிழிச்சா நாரு கோவமா இருக்கும். வெள்ளி ஸ்பூனக் கீறிப் போட்டுரும். லயத்துல கொண்டுபோயி ஆறப் போட்டு, கோவம் அடங்கினப்பொறவு கொண்டாரேன்."

அந்த அம்மாள் இதை அப்படியே நம்பினாள். கப்பலேறி ஊருக்குப் போய்த் தன் தோழிகளுக்கும் சொல்லிக் கொடுத்தாளாம். இன்றைக்கும் இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்தில் கந்தல் ஆறிக்கொண்டிருந்தால் அதற்குப் பொறுப்பு சுவக்கீன்தான்.

கருங்கானத்தில் அது ஆறிய இடம், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் சுவக்கீனின் வீடு. மேஜையே இல்லாத அந்த வீட்டில் பூவேலை செய்த மேஜை விரிப்பு பாயின் மேல் கிடந்தது. ஜன்னல் இல்லாத சுவரில் கர்ட்டன் தொங்கியது. ரேஷன் கடைக் கண்ட்ரோல் துணிக்கு லயமே முண்டியடித்து நிற்கிற காலத்தில், அவர் மனைவி கத்தரீனாள் ஓரம் மடித்துத் தைத்த விருந்து நாப்கினில் மீன் குழம்புச் சட்டியை மூடி வைப்பாள். அதற்கு ஈடாக, ஆறிய துணி என்ற பெயரில் பங்களாவுக்குப் போனவை கத்தரீனாள் உடுத்துத் தீர்த்த சேலைகளும், சுவக்கீனின் பனியன்களும், மகள் பிலோமி பள்ளிக்கூடம் போட்டுப்போன பாவாடைகளும். பங்களா கேட்டது கந்தல். சுவக்கீன் கொடுத்ததும் கந்தல். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும் முன்பு இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவர் யோசித்துப் பார்ப்பதுண்டு. பாதரிடம் சொல்லும்படியாக ஒன்றும் அகப்பட்டதில்லை.

வெள்ளைக்காரர்கள் போனபிறகு, எழுபத்து மூன்றில், பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்திலிருந்து புதுத் துரையும் அவர் மனைவி விசாலமும் வந்தார்கள். வந்த அன்றே விசாலம் அடுக்களை வாசலில் கையைக் குறுக்கே நீட்டி, "சுவக்கீன், இதுக்கு உள்ளே நீ வரப்படாது, கேட்டியா. சாப்பாட்டு மேஜையும் துணிமணியும் உன் பாடு" என்றாள். தலைமுறையாக ஆட்டுக்கறி வறுத்த கை அன்றோடு ஓய்ந்தது. சுவக்கீனுக்கு வருத்தம்தான். ஆனால் துணிமணி கையில் இருக்கிறது.

விசாலத்துக்கு ஆறிய துணியின்மேல் அபாரப் பிரியம். அதிலும் பூஜை அறை வெண்கல விளக்கைத் துடைப்பதற்கு மெத்தென்று ஒரு துணி கேட்டு வாங்கிக்கொண்டாள். "பஞ்சு மாதிரி இருக்கு பார்! இதெல்லாம் வெள்ளைக்காரா காலத்துச் சாமானாக்கும்" என்று பார்க்க வந்தவர்களிடம் காட்டினாள். அது கத்தரீனாள் நாலு வருஷம் கொழுந்து கிள்ளப் போகையில் இடுப்பில் சுற்றின சேலையின் முந்தானை. விசாலம் அதைத் தண்ணீரில் மூன்று முறை நனைத்து மடியாக்கி, சுலோகம் சொல்லிக்கொண்டே தேய்ப்பாள். விளக்கும் பளபளவென்றுதான் இருந்தது.

இப்படி இரண்டு வீட்டுக்கும் நல்லபடியாக நடந்துகொண்டிருந்த காரியத்தில் பிலோமியின் கல்யாணம் வந்து புகுந்தது.

மாப்பிள்ளை சிலுவைராஜ், உடும்பஞ்சோலையில் ஏலக்காய் ஸ்டோரில் வேலை. நல்ல பையன். அவனுடைய அம்மாதான் கறாராகச் சொல்லிவிட்டாள்: "எங்களுக்கு நகை நட்டெல்லாம் உங்க இஷ்டம். ஆனா கோயிலுக்குள்ள வாறப்ப பொண்ணு தலையில நெட்டு தரை வரைக்கும் கெடக்கணும். மூத்த மருமக அப்படித்தான் வந்தா. இவ குறைஞ்சு வந்தா எஞ்சோட்டுப் பொம்பளைக சிரிப்பாளுக."

தரை வரைக்கும் விழும் முக்காட்டு நெட்டு பீர்மேட்டில் எந்தக் கடையில் இருக்கிறது? சுவக்கீன் மறுநாள் பங்களா ஹாலில் நின்று தூசி தட்டினார். உத்தரத்திலிருந்து தரை வரைக்கும் வெள்ளை வெளேரென்று நெட்டுக் கர்ட்டன் காற்றில் ஆடியது. வாங்கி இரண்டு மழைக்காலம்கூட ஆகவில்லை. அவர் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பெருமூச்சு விட்டார்.

"ஓட்டை விழுந்துட்டும்மா."

விசாலம் கிட்டே வந்து பார்த்தாள். "நெட்டுன்னா ஓட்டையாத்தானே இருக்கும், சுவக்கீன்?"

"அது கம்பெனி போட்ட ஓட்டைம்மா. இது காலம் போட்ட ஓட்டை."

வேறு சமயமாக இருந்தால் விசாலம் விட்டிருக்க மாட்டாள். கல்பாத்தியில் அவளுடைய அக்கா வீட்டு ஹாலுக்கு நீலக் கர்ட்டன் வந்துவிட்டதாகக் கடிதம் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அவள் கர்ட்டனைப் பார்த்தாள். சுவக்கீனைப் பார்த்தாள். "சாரமில்லை, போகட்டும். நீ கண்டம்னா கண்டம்தான்" என்று சொல்லிவிட்டு, நீலத்தில் புதுசு கேட்டுக் கம்பெனிக்கு எழுத வைத்தாள்.

கத்தரீனாள் கர்ட்டனை அலசி, கஞ்சி போட்டு, பிலோமியின் தலையில் வைத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டு அழகுத்தாய் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஆத்தாடி! மாதா சொரூபம் கணக்கா இருக்காளே! ஏன் பட்லர் அண்ணாச்சி, எங்க வீட்டுக் கந்தலும் இப்படி ஆறுமா? எத்தன நாளு போடணும்?"

"ஒங்க வீட்டுக் கந்தல் பிறக்கும்போதே ஆறிப்போயில்லா பிறந்துருக்கு!" என்றார் சுவக்கீன்.

திங்கட்கிழமை கல்யாணம். வெள்ளிக்கிழமை மத்தியானம் விசாலம் அவரைக் கூப்பிட்டாள். முகத்தில் நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை, வெளிறிப் போயிருந்தது.

"கொச்சியிலேர்ந்து நாளைக்குக் கம்பெனித் துரை வரார். இதுக்குள்ளே எப்படிக் கர்ட்டன் கண்டமாச்சுன்னு கேக்கறாராம். கந்தலும் கம்பெனிச் சொத்தாக்கும், மெஷின் துடைக்க ஃபேக்டரிக்கு வேணும், எல்லாத்தையும் கண்ணாலே பாக்கணும்னு சொல்லியிருக்கார். நீ ஆறப் போட்டது அத்தனையும் காலமே கொண்டு வந்துடு. முக்கியமா அந்த ஹால் கர்ட்டன்."

சுவக்கீனுக்கு மலைரோட்டில் பிரேக் பிடிக்காத ஜீப்பில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. கர்ட்டனைக் கொடுத்தால் மகளுக்கு நெட்டு இல்லை. அதில் ஓட்டை இல்லாததும் தெரிந்துவிடும். கொடுக்காவிட்டால் வேலை இல்லை. வேலை போனால் லயத்து வீடும் போகும். திங்கட்கிழமை பெண் எந்த வாசலிலிருந்து இறங்கிக் கோயிலுக்குப் போவாள்?

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார்.

"நெட்டைக் குடுத்துருவோமாட்டி?" என்று மகளைப் பார்த்து மெல்லக் கேட்டார்.

பிலோமி அழவில்லை. "குடுங்கப்பா. அப்படியே மாப்பிள்ளை வீட்டுக்கும் ஆளனுப்பி, பொண்ணு கண்டம்னு சொல்லிருங்க" என்றாள்.

கத்தரீனாள் மூலையிலிருந்து ஒரு சாக்கை உதறி எடுத்தாள். "அவுக கந்தலத்தானே கேக்காக? கந்தலக் கொண்டுபோயிக் குடுங்க. மிச்சத்துக்குத்தான் உங்க வாய் இருக்கே. இத்தன வருசம் எதுக்கு அத வளத்தோம்?"

வீட்டிலிருந்த அடுப்படித் துணி, கரித்துணி, தொட்டில் துணி எல்லாம் சாக்குக்குள் போயின. அழகுத்தாய் தன் பங்குக்குக் கட்டம் போட்ட ஒரு பழைய கைலியைப் போட்டாள். பூ வைத்து மொய் எழுதுகிறவள்போல முகத்தைப் பெருமையாக வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பங்களா வராந்தாவில் கம்பெனித் துரை நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மலையாளம் கலந்த தமிழ். பக்கத்தில் விசாலத்தின் கணவர், கல்யாண வீட்டில் தெரியாத பந்தியில் உட்கார்ந்தவர் மாதிரி விழித்துக்கொண்டிருந்தார். சுவக்கீன் சாக்கைக் கவிழ்த்தார்.

கம்பெனித் துரை ஒரு துணியை இரண்டு விரலால் தூக்கினார். "இது எந்தா?"

"ஹால் கர்ட்டன், தொரை."

"நெட்டுக் கர்ட்டன் அல்லே? நெட்டு எவிடெ? இதில் ஓட்டையே இல்லியே!"

"ஆறினா ஓட்டை அடைஞ்சுரும் தொரை. நம்ம மலை மஞ்சு, இந்தப் பனிமூட்டம் இருக்கே, அப்படி. பருத்தி ஈரத்தக் குடிச்சு ஊதி, ஊதி, ஓட்டையெல்லாம் சேந்துரும்."

"அப்ப இதோ, இவ்வளவு வலிய ஓட்டை?"

"அது அடையாம மிஞ்சின ஓட்டை."

"வெள்ளைக் கர்ட்டனில் பச்சை எங்ஙனெ வந்து?"

"சுத்திலும் தேயிலைதான தொரை. மழைக்காலத்துல காத்தே பச்சையாத்தான வீசும்."

கம்பெனித் துரைக்கு மூக்கு சிவந்தது. அழகுத்தாயின் கைலியைத் தூக்கிப் பிடித்தார். சுவக்கீன் வாயைத் திறந்தார். கைலியின் கட்டத்துக்கு எந்த மஞ்சைச் சொல்வது?

"அம்மையாரே," என்று கம்பெனித் துரை விசாலத்தின் பக்கம் திரும்பினார். "நிங்ஙள் சொல்லணும். இது நிங்ஙளுடே கர்ட்டன்தானோ?"

விசாலம் குனிந்து அந்தக் குவியலைப் பார்த்தாள். பச்சைச் சேலைத் துண்டு ஒன்றின் ஓரத்தில் சின்னச் சின்ன மஞ்சள் மயில் வரிசை. அவளுடைய பூஜை அறைத் துணியிலும் அதே பச்சை, அதே மயில். மூன்று முறை நனைத்தும் போகாத மயில். அவள் நிமிர்ந்து சுவக்கீனைப் பார்த்தாள். சுவக்கீன் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது கர்ட்டன் இல்லை என்று அவள் சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி, கர்ட்டன் எங்கே என்று வரும்; நல்ல கர்ட்டனைக் கண்டம் என்று ஒப்புக்கொண்டது யார் என்று வரும். பிறகு இந்த மயில் எங்கிருந்து பறந்து வந்தது என்று எல்லோரும் விசாரிப்பார்கள். அது இத்தனை நாள் எந்த விளக்கின்மேல் உட்கார்ந்திருந்தது என்பது கல்பாத்தி அக்கா வரைக்கும் போகும்.

"எங்காத்துக் கர்ட்டனேதான்" என்றாள் விசாலம். குரல் கணீரென்று இருந்தது. "இந்தக் கட்டம் போட்டது சாப்பாட்டு ஹாலோடது. பச்சை, ஹாலோடது. நானே என் கையாலே துவைச்சிருக்கேனே! இந்த மலையிலே வெள்ளையா ஒண்ணை வெச்சுக்க முடியறதா? எங்காத்துக்காரர் வேஷ்டியே போன கர்க்கடக மழையிலே ஊதாவாப் போயிடுத்தாக்கும்."

துரை திடுக்கிட்டுத் தன் மனைவியைப் பார்த்தார். அவரிடம் வேஷ்டியே கிடையாது, பேண்ட்தான். இருந்தாலும் தலையை ஆட்டினார்.

ஒரு பட்லர் சொன்னால் பொய்யாக இருக்கலாம். மேனேஜரும் மனைவியும் சேர்ந்து சொன்னால் அது நிலவரம். கம்பெனித் துரை கைலியைக் குவியலில் போட்டார். பிறகு கந்தலெல்லாம் அப்படியே ஃபேக்டரிக்குப் போகட்டும், நீலக் கர்ட்டன் அனுப்பப்படும், இந்த ஈரத்தில் பருத்தி தாங்காது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அடுத்த வாரத்திலிருந்து கருங்கானத்துத் தேயிலை உருட்டும் மெஷின்களை மஞ்சள் மயில்கள் துடைத்தன.

ஜீப் வளைவு தாண்டும்வரை விசாலம் வராந்தாவிலேயே நின்றாள். சுவக்கீனை அவள் திட்டவில்லை. "திங்கக்கிழமை கல்யாணத்துக்கு நான் வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் அவர் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

லயத்தில் வேறொரு கஷ்டம். கத்தரீனாளுக்கு அடுப்பிலிருந்து சோற்றுப் பானை இறக்க வீட்டில் ஒரு கந்தல்கூடப் பாக்கியில்லை. கல்யாணச் சமையலின் அத்தனை கரியும் பங்களாவின் விருந்து நாப்கின்களில் ஏறியது. "இப்பத்தாம்ல நெசமாவே கண்டமாவுது" என்று அழகுத்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

திங்கட்கிழமை எஸ்டேட் கோயில் வாசலில் பிலோமி வந்து நின்றாள். நெட்டு அவள் தலையிலிருந்து இறங்கி, படி தாண்டி, தரையில் கிடந்தது. சிலுவைராஜின் அம்மா அதை முழம் போடுவதுபோலக் கண்ணால் அளந்து, உதட்டைப் பிதுக்கி, வேறு வழியில்லாமல் திருப்திப்பட்டாள். அப்போதுதான் விசாலம் பட்டுப்புடவையில் வந்து இறங்கினாள். கூட்டம் விலகியது. சுவக்கீன் கோட்டுக்குள் ஒரு முழம் குறைந்துபோனார்.

விசாலம் பெண்ணைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். நெட்டின் ஓரத்தை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். சுவக்கீன் பிடிப்பது போலவே பிடித்தாள். பெருமூச்சு விட்டாள்.

"காலம் போட்ட ஓட்டை ஒண்ணையும் காணோமே, சுவக்கீன்?"

"மஞ்சுல... அடைஞ்சுட்டும்மா."

விசாலம் பிலோமியின் காதுக்குப் பின்னால் கையை விட்டு, கனகாம்பரத்துக்கு அடியில் தேடி, எதையோ கழற்றி எடுத்தாள். கர்ட்டன் மாட்டுகிற பித்தளைக் கொக்கி. அவசரத்தில் கத்தரீனாள் விட்டுவிட்டது. அதை எடுத்த இடத்தில் பூவை இழுத்துவிட்டு மறைத்தாள்.

"துணிதான் கண்டம். கொக்கி கம்பெனியோடதாக்கும். நீலம் வந்தா மாட்டணும்" என்று சுவக்கீனின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைப் பூசையில் நன்மை வாங்குகிறவர்போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"பின்னே, பூஜைக்கு இனிமே நீ ஒண்ணும் ஆறப் போட வேண்டாம், கேட்டியா. என் புடவையிலேயே நான் கிழிச்சுக்கறேன்."

"சரிம்மா."

"வேகம் உள்ளே போங்கோ. சாமியார் காத்துண்டிருக்கார்" என்று சொல்லிவிட்டு, தரையில் புரண்ட நெட்டின் முனையைச் சேறு படாமல் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.