களத்தில் தெரிந்த பிறை

எங்கள் ஊரில் ஒரு பெருநாள் பிறை என் வாயில் பிறந்து, சுமார் அரை மணி நேரம் உயிரோடு இருந்தது. இப்போதும் நோன்பின் கடைசி நாட்களில் ஊருக்குப் போனால், "இந்த வருஷம் பிறை எப்பன்னு நீயே சொல்லிரேம்மா" என்று யாராவது கேட்காமல் விடுவதில்லை. நான் படித்த படிப்பு, பார்க்கிற வேலை எதுவும் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்போது எனக்கு எட்டு வயது. வாப்பா துபாயில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். எனக்கு நினைவு தெரிந்து அவர் நோன்புக்கு ஊரில் இருந்தது அதுதான் முதல் தடவை. ஆனால் அவர் திரும்பிப் போக டிக்கெட் போட்டவர் கடை முதலாளி. இருபத்தொன்பதாம் நோன்புக்கு மறுநாள் சாயங்காலம் விமானம். இருபத்தொன்பதாம் நோன்பு அன்று மாலை பிறை தெரிந்துவிட்டால் மறுநாள் காலையில் பெருநாள்; வாப்பா தொழுதுவிட்டு, எங்களோடு பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். தெரியாவிட்டால் மறுநாளும் நோன்பு. அவர் நோன்போடு கிளம்பிவிடுவார், பெருநாள் அவர் இல்லாமல் வரும்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். புதுச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, வாப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றபடி தெருத்தெருவாகப் போய் எல்லா வீட்டிலும் சலாம் சொல்ல வேண்டும். அதுவரை எல்லாப் பெருநாளுக்கும் வாப்பாவின் தம்பியான சாச்சாவோடுதான் போயிருந்தேன். சாச்சா தங்கமானவர்தான். ஆனால் வழியில் கூட்டாளிகளைப் பார்த்தால் என்னை மறந்துவிடுவார். ஒரு பெருநாள் முழுக்க நான் சைக்கிள் கடை வாசலில் நின்றிருக்கிறேன். அதனால் அந்த மாதம் முழுவதும் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும், பிறையை இருபத்தொன்பதிலேயே காட்டிவிடும்படி அல்லாஹ்விடம் நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

அந்த இருபத்தொன்பதாம் நோன்பு அன்றுதான் பக்கத்துத் தெரு அண்ணன் தன் தொலைநோக்கியை வாய்க்கால் கரையில் இருந்த நெல் களத்துக்குக் கொண்டுவந்தார். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர். மாட்டைப் பார்க்கப் படிக்க வைத்தால் வானத்தை மேய்க்கிறான் என்று அவருடைய அப்பாவே டீக்கடையில் சலித்துக்கொள்வார். வெள்ளிக் கோள் மிகப் பிரகாசமாகத் தெரிகிற சமயம் இது, எல்லாரும் வந்து பாருங்கள் என்று அண்ணன் நாலு நாளாக ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, மஃரிப் தொழுகை முடிந்ததும் ஆண்கள் எல்லாம் பள்ளிவாசல் மாடியில் ஏறிவிட்டார்கள். வாப்பாவும் ஏறினார். மேற்கே அடிவானத்தில் நல்ல மேகம். மேலே வெள்ளி மட்டும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. யாருக்கு வேண்டும் வெள்ளி? நான் சாச்சாவை இழுத்துக்கொண்டு களத்துக்கு ஓடினேன். கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் அந்தக் குழாய் காட்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். பிறையும் கண்ணுக்குத் தெரியாமல்தானே இருக்கிறது!

வரிசையில் எனக்கு முன்னால் கதிர் அறுக்கும் வண்டி ஓட்டுகிற மாமா நின்றார். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பாதியக் காணோம்?" என்று கேட்டார். வெள்ளியும் நிலா மாதிரியே தேயும், வளரும் என்று அண்ணன் அவருக்குப் பொறுமையாக விளக்கினார். இரண்டடி தள்ளி நின்ற என் காதில் அதில் ஒரு சொல் கூட ஏறவில்லை. நான் பிறைக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்பதில் மும்முரமாக இருந்தேன்.

என் முறை வந்தது. சாச்சா தூக்கிப் பிடித்தார். குழாய்க்குள் கண்ணை வைத்தேன். கறுப்புக்கு நடுவே, நறுக்கி வைத்த தேங்காய்க் கீற்று போல, பளிச்சென்று ஒரு பிறை!

அதற்குப் பிறகு நான் அங்கே நிற்கவில்லை. "பிறை தெரிஞ்சிருச்சு! பிறை தெரிஞ்சிருச்சு!" என்று கத்தியபடி வரப்பில் ஓடினேன். சாச்சா ஒற்றைச் செருப்போடு என் பின்னால் ஓடிவந்தார். அவர் தடுக்கத்தான் வருகிறார் என்று யாருக்குத் தெரியும்? இரண்டு பேர் ஓடிவருவதைப் பார்த்ததும் தெருப் பிள்ளைகள் மொத்தப் பேரும் சேர்ந்துகொண்டார்கள். எங்கேயோ ஒரு வெடி வெடித்தது. கறிக்கடையில் விளக்கு எரிந்தது. மருதாணி அரைக்க அம்மியைக் கழுவினார்கள். எங்கள் வீட்டில் உம்மா இஞ்சியை உரிக்க உட்கார்ந்துவிட்டாள். நான் பள்ளிவாசலை அடைவதற்குள், தாங்களும் மேக இடுக்கில் மெல்லிசாகப் பார்த்ததாகச் சொல்ல இரண்டு பேர் தயாராகியிருந்தார்கள்.

பள்ளிவாசல் தலைவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "எங்கம்மா பார்த்தே?"

"களத்துல. குழாய்க்குள்ள."

அவர் சிரிக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளை சொன்னாலும் சாட்சி சாட்சிதான், விசாரிக்க வேண்டும் என்று கைவிளக்கை எடுத்துக்கொண்டு களத்துக்கு நடந்தார். தொப்பி போட்ட ஊரே பின்னால் நடந்தது. மேக இடுக்கில் பார்த்த இரண்டு பேர் மட்டும் வரவில்லை.

தலைவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "பிறைதான்" என்றார். என் நெஞ்சு குதித்தது. "ஆனா இது நம்ம பிறை இல்லம்மா."

அண்ணன் பதறிக்கொண்டு குறுக்கே வந்தார். "மன்னிச்சிருங்க, வெள்ளின்னு நான் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்" என்றார்.

"ஒன்னை யாருப்பா குறை சொன்னா? கொஞ்சம் தள்ளு, இன்னொரு தடவை பாத்துக்கிறேன்" என்றார் தலைவர். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அப்புறம் ஊரே வரிசையில் நின்றது. அண்ணனுக்கு வாழ்க்கையில் அப்படியொரு கூட்டம் அதற்கு முன்பு வந்ததில்லை.

நான் நெல் மூட்டை மேல் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். நாளைக்கும் நோன்பு. வாப்பா போய்விடுவார். மறுபடியும் சைக்கிள் கடை வாசல்.

வாப்பா தன் முறை வந்ததும் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் முனகும் வரை பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "வீட்டுக்குப் போயி புதுச் சுடிதாரப் போடு" என்றார்.

இரவு இஷா தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் சுடிதாரை மாட்டிக்கொண்டு வந்தபோது, வாப்பா பெருநாளுக்கு வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, அத்தர் பூசிக்கொண்டிருந்தார். உரித்த இஞ்சியை என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டிருந்த உம்மா, அவரைப் பார்த்ததும் எழுந்து வந்து சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். நான் ஸ்கூட்டரில் முன்னால் நின்றேன். ஒவ்வொரு வீடாகப் போய் இறங்கினோம். "பெருநாள் நாளைக் கழிச்சில்ல?" என்று எல்லாரும் சிரித்தார்கள். "எம்மகளுக்குப் பிறை தெரிஞ்சிருச்சு" என்று வாப்பா ஒவ்வொரு வாசலிலும் அதே பதிலைச் சொன்னார். அதிரசமும் முறுக்கும் கிடைத்தன. எனக்கு அழுகை எங்கே போனதென்றே தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் சாயங்காலம் அவர் போய்விட்டார்.

துபாயில் பெருநாள் அநேகமாக எங்களுக்கு ஒரு நாள் முந்தி வரும் என்பதைப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். நாங்கள் முப்பதாம் நோன்பு வைத்த அன்று அங்கே பெருநாள். வாப்பா திருச்சியில் விமானம் ஏறி அங்கே போய் இறங்கியபோது அது முடிந்திருந்தது. இங்கே எங்களுக்குப் பெருநாள் விடிந்தபோது அவர் கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் இரண்டு ஊர்ப் பெருநாளில் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. பிறை தெரியாவிட்டால் அப்படித்தான் ஆகும் என்று அவருக்கு முன்பே தெரியும்.

என் அழுகையை நிறுத்தத்தான் அன்றைக்கு வண்டியை எடுத்தார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் புதுச் சட்டையும் அத்தரும் எதற்கு என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.